மலைச்சரிவில் எண்ணெய்க் குடங்கள்

(நம் மருத்துவமனையின் ஆதரவாளர் கூடுகையில் சமுதாய சுகாதாரக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. கூடுகைக்கு வர இயலாத அன்பர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



 நேப்பாளத்தின் நடுமலைப் பகுதியில் நடைபெறும் இந்த மருத்துவ ஊழியத்தை நீங்கள் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கி வருகிறீர்கள். அதற்காக முதலாவது தேவனைத் துதிக்கிறோம். அடுத்ததாக உங்களுக்கு நன்றி செலுத்துகிறோம்.

கடந்த ஆண்டு அறிக்கையைப் படித்த சிலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "ஆஸ்பத்திரிக்கென்று நாங்கள் கொடுத்த பணத்தில் மரக்கன்று வளர்த்திருக்கிறீர்களே, மரம் நடுவது வனத்துறையின் வேலையல்லவா? மருந்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் போக வேண்டிய காணிக்கை மண்ணுக்குப் போகலாமா?" என்பதே அந்தக் கேள்வி. இது நியாயமான கேள்வி. ஏழை விதவையின் காசும் அந்தப் பணத்தில் இருக்கிறது. ஆகவே அதற்குப் பதில் சொல்வது எங்கள் கடமை. இன்று எங்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தை அதற்கே பயன்படுத்த விரும்புகிறோம்.

மக்களும் மலையும்

காத்மாண்டுவிலிருந்து பொக்காராவுக்குப் போகும் பிரித்வி நெடுஞ்சாலை வெகுதூரம் திரிசூலி ஆற்றை ஒட்டியே செல்கிறது. பேருந்தின் ஜன்னல் வழியாக நிமிர்ந்து பார்த்தால், இரு பக்கமும் செங்குத்தான மலைச்சரிவுகள். அந்தச் சரிவுகளுக்கு மேலே தாதிங், சித்வன், மக்வான்பூர், கோர்க்கா மாவட்டங்களின் மேடுகளில் சேபாங் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அவர்கள் ஏறக்குறைய 68,000 பேர். முற்காலத்தில் காட்டில் வேட்டையாடியும், கிழங்கு அகழ்ந்தும், காட்டை வெட்டி எரித்து மாற்றி மாற்றிப் பயிர் செய்தும் பிழைத்தவர்கள். 1957-இல் நேப்பாள அரசு தனியார் காடுகளைத் தேசியமயமாக்கியது. பரம்பரையாய்ப் பயிரிட்ட நிலத்துக்குப் பட்டா இல்லாதவர்கள் அதன்பின் இன்னும் நலிந்துபோனார்கள். இன்றும் பல குடும்பங்களுக்கு, தாங்கள் உழும் நிலம் தங்கள் பெயரில் இல்லை.

விளைவது பெரும்பாலும் மக்காச்சோளமும் கேழ்வரகும்தான். அது ஆண்டு முழுவதற்கும் போதாது. களஞ்சியம் காலியானபின் புதிய சோளம் வரும்வரை உள்ள மாதங்களில் காட்டுக் கிழங்கும் செந்தட்டிக் கீரையுமே ஆகாரம். எங்கள் குழந்தைகள் வார்டில் எப்போது கட்டில் நிறையும் என்று அறிய நாங்கள் நாட்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை. மலைமேல் உள்ள களஞ்சியங்களைப் பார்த்தாலே போதும்.

இலுப்பைக்கு ஒரு சகோதரி

இந்த மக்களிடம் ஒரு செல்வம் இருக்கிறது. அது சியூரி மரம். தாவர நூலார் இதை டிப்ளோக்னெமா பூட்டிரேசியா என்பார்கள். வெண்ணெய் மரம் என்றும் பெயர் உண்டு. குமாவோன் மலைகள் தொடங்கி நேப்பாளம், சிக்கிம், பூட்டான் வரை இமயத்தின் அடிவாரச் சரிவுகளில், ஏறக்குறைய 300 மீட்டர் முதல் 1,500 மீட்டர் உயரம்வரை இது வளர்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்களுக்கு இந்த மரத்தைப் பார்த்தவுடன் நம் ஊர் இலுப்பை நினைவுக்கு வந்தது. அது சரியான நினைவுதான். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நம் பாட்டிமார் இலுப்பெண்ணெயில் விளக்கேற்றினதையும், அதன் பிண்ணாக்கைத் தலைக்குத் தேய்த்துக் குளித்ததையும் இங்கே பலர் அறிவீர்கள். நம் நாட்டில் இலுப்பை என்னென்ன செய்ததோ, அந்த மலையில் சியூரி அதையெல்லாம் செய்கிறது. அதற்கு மேலும் செய்கிறது.

குளிர்காலத்தில் மற்ற மரங்கள் ஓய்ந்திருக்கும்போது சியூரி பூக்கிறது. அப்பொழுது தேனீக்களுக்கு அதுவே பெரிய பந்தி. சியூரித் தேன் வெளுப்பாய், சீக்கிரம் உறைந்துபோகும் தன்மையுள்ளதாய் இருக்கும். சந்தையில் அதற்கு நல்ல மதிப்பு உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் பழம் பழுக்கும். இனிப்பான அந்தச் சதையைப் பிள்ளைகள் வயிறாரத் தின்பார்கள். பசியுள்ள மாதங்களில் பழம் வருவது ஆண்டவருடைய ஏற்பாடு என்றே சொல்லத் தோன்றுகிறது. இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனம். தையல் இலையாகவும் பயன்படும். எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கு வயலுக்கு உரம், பூச்சியையும் விரட்டும். வேர் பாறை இடுக்கில் இறங்கிச் சரிவு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலந்தோறும் மலை சரியும் நாட்டில் இது சிறிய காரியமல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக அதன் விதை. விதையை உடைத்தால் உள்ளே இருக்கும் பருப்பின் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு. பிழிந்து எடுத்தால் சற்று நேரத்தில் வெண்மையாய் உறைந்து, நெய்யைப்போல இருக்கும். மலை மக்கள் அதைச் சியூரி நெய் என்றே அழைக்கிறார்கள். சமையலுக்கும், விளக்குக்கும், பனியில் வெடித்த குதிகாலுக்கும் அதுவே.

மருத்துவமனைக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்?

இப்பொழுது உங்கள் கேள்விக்கு வருகிறோம். மூன்று காரணங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, பிள்ளைகளின் வயிறு. மலைமேல் உள்ள ஒரு பிள்ளையின் சாப்பாடு பெரும்பாலும் டிண்டோ, அதாவது நம் ஊர்க் களியைப் போன்றது. வயிறு நிறையும், ஆனால் சிறு பிள்ளையின் வயிறு எவ்வளவு கொள்ளும்? மாவுப்பொருள் ஒரு கிராமில் 4 கலோரி சக்தி இருக்கிறது. கொழுப்பு ஒரு கிராமில் 9 கலோரி. ஒரு தேக்கரண்டி நெய்யைக் களியில் கலந்தால், வயிற்றில் இடம் அடைக்காமல் ஏறக்குறைய 45 கலோரி கூடுதலாகச் சேர்கிறது. அது மாத்திரமல்ல. கீரையில் உள்ள வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேர உணவில் கொஞ்சமாவது கொழுப்பு இருக்க வேண்டும். நேப்பாளத்தில் வைட்டமின் ஏ குறைவினால் எத்தனையோ குழந்தைகள் பார்வையையும் உயிரையும் இழந்தார்கள். 1993-இல் தொடங்கிய தேசிய வைட்டமின் ஏ திட்டம் கிராமத்துப் பெண் சுகாதாரத் தொண்டர்களைக்கொண்டு லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு மருந்துச் சொட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அது மிக நல்ல வேலை. ஆனாலும் சொட்டு ஆண்டுக்கு இருமுறை வருகிறது. பசி தினமும் வருகிறது. முற்றத்தில் உள்ள செந்தட்டிக் கீரையையும் அதே முற்றத்து மரத்தின் நெய்யையும் சேர்த்துச் சமைக்கத் தாய்க்குச் சொல்லிக்கொடுப்பதும் வைத்தியமே.

படித்தவர்கள் ஒன்று கேட்கலாம்: இந்த நெய் உறையும் கொழுப்பாயிற்றே, இருதயத்துக்கு நல்லதா என்று. உண்மைதான், நகரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு இதை அள்ளி ஊற்றச் சொல்லமாட்டோம். எலும்பும் தோலுமாய் வரும் பிள்ளையின் காரியம் வேறு.

இரண்டாவது, கடன். மலையில் நோய் வந்தால் முதலில் போவது ஆஸ்பத்திரிக்கு அல்ல, வட்டிக்காரரிடம். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி அங்கே சாதாரணம். ஆண்டுக்கு 36 ரூபாய் ஆகிறது. நிலத்துக்குப் பட்டா இல்லாதவர் எதை ஈடு வைப்பார்? சியூரி மரத்தை வைப்பார். மரம் அவர் வீட்டு எல்லையிலேயே நிற்கும். பழமும் விதையும் கடன் கொடுத்தவருக்குப் போகும். எங்கள் வார்டிலிருந்து குணமாகிப் போன ஒரு தாயை ஊரில் போய்ப் பார்த்தோம். உடம்பு தேறியிருந்தது. பிள்ளைகள் மரத்தடியில் நின்று பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏன் பறிக்கவில்லை?" என்று கேட்டபோது, "அது இப்போது எங்களுடையது அல்ல அண்ணா" என்றாள் அந்தத் தாய். அந்த மரம் அவளுக்குத் தகப்பன் வீட்டிலிருந்து வந்த சீதனம். சேபாங் மக்கள் மகளைக் கட்டிக்கொடுக்கும்போது பொன் கொடுப்பதில்லை. சியூரி மரத்தைக் கொடுப்பார்கள். அவளுடைய சுகத்துக்கு அவளுடைய சீதனமே விலையாயிற்று. நோயைக் குணமாக்கிவிட்டு அந்தக் குடும்பத்தை வறுமையிலே விட்டுவந்தால் எங்கள் வேலை பாதிதான் முடிந்தது.

எலிசாவின் நாட்களில் கடன்காரனுக்குப் பயந்து அழுத விதவையை நினைத்துப் பாருங்கள். அவள் வீட்டில் இருந்ததெல்லாம் ஒரு குடம் எண்ணெய். தேவமனுஷன் அவளுக்கு வெளியிலிருந்து பொன்னைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டு, இருந்த அந்த எண்ணெயையே பெருகச் செய்து, அதை விற்றுக் கடனை அடைத்து, மீதியில் பிழைக்கும்படி சொன்னார். இந்த ஊழியத்துக்கு எங்களுக்கு வழிகாட்டியது அந்தச் சம்பவமே.

மூன்றாவது காரணம் உங்களுக்கு ஆச்சரியமாயிருக்கும். மரத்திலிருந்து விழுகிறவர்கள். தழை வெட்டவும் பழம் பறிக்கவும் ஏறி, வழுக்கி விழுந்து, கை கால் முறிந்தும் முதுகுத்தண்டு உடைந்தும் வருகிறவர்கள் நேப்பாள மலை மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் உண்டு. முதுகுத்தண்டு உடைந்தவர்களை, 2002-இல் தொடங்கப்பட்டு இப்போது காத்மாண்டுவுக்குக் கிழக்கே சாங்காவில் உள்ள மறுவாழ்வு மையத்துக்கு அனுப்புகிறோம். அங்கே அன்பாய்ப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆனால் 50, 60 அடி உயரமுள்ள மரத்திலிருந்து விழுந்தவர் மறுபடி மலை ஏறுவது அரிது. ஆகவே மரத்தை நடச் சொல்லும் நாங்களே, அதை எப்படி வளர்ப்பது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இளமையிலேயே நுனியைக் கிள்ளிப் பக்கக் கிளைகளைப் பரவவிட வேண்டும். தொரட்டியைப் பயன்படுத்த வேண்டும். பழத்தை உதிரவிட்டுப் பொறுக்க வேண்டும். மழை ஈரத்தில் ஏறக் கூடாது. எலும்பு முறிவு வார்டில் கற்ற பாடத்தைத்தான் நாற்றங்காலில் சொல்லிக்கொடுக்கிறோம்.

விதை முதல் நெய் வரை

சியூரி விதைக்கு ஒரு குணம் உண்டு. பழத்திலிருந்து எடுத்த சில நாட்களுக்குள் மண்ணில் போடாவிட்டால் முளைப்புத்திறன் போய்விடும். வாங்கி வைத்து அடுத்த ஆண்டு விதைக்கலாம் என்பது நடவாது. ஆகையால் பழம் விழும் அந்தச் சில வாரங்களில் எங்கள் பணியாளர்கள் ஊர் ஊராகப் போய், நல்ல காய்ப்புள்ள தாய் மரங்களைப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, விதை பொறுக்கி உடனே பையில் ஊன்றுகிறார்கள். எந்த மரம் ஆண்டு தவறாமல் காய்க்கும், எதன் பழம் பெரிது, எதன் நெய் மணக்கும் என்று பாட்டிமார் ஒவ்வொரு மரத்தைப்பற்றியும் ஒரு பிள்ளையைப்பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார்கள். எங்களில் யாருக்கும் அந்த அறிவு இல்லை.

கன்று மெதுவாக வளரும். காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். முதல் சில ஆண்டுகள் ஆட்டின் வாயிலிருந்து காப்பாற்ற வேண்டும். அதனால் கன்றைச் சும்மா கொடுத்து அனுப்பாமல், முள்வேலி கட்டினவர்களுக்கே கொடுக்கிறோம். நடுமுன் அந்த இடம் யாருடையது என்பதையும் கேட்கிறோம். 1993-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்கீழ் நேப்பாளத்தில் கிராம மக்களே காட்டைப் பராமரிக்கும் சமுதாய வனக் குழுக்கள் 20,000-க்கு மேல் ஏற்பட்டிருக்கின்றன. சொந்த நிலமில்லாத குடும்பங்களின் கன்றுகளுக்காக அந்தக் குழுக்களிடம் போய், விளைச்சல் நட்டவர்களுக்கே சேரும் என்று எழுத்தில் வாங்க முயல்கிறோம். இது நடவைவிடக் கடினமான வேலை. எழுத்து இல்லாவிட்டால், காய்க்கும் நாளில் பலமுள்ளவனே பறித்துக்கொள்வான்.

அடுத்தது நெய் எடுப்பது. பழைய முறையில் விதையை உலர்த்தி, ஓடு நீக்கி, காலால் மிதிக்கும் உலக்கையில் இடித்து, ஆவியில் வேகவைத்து, கூடையில் இட்டு இரு மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து நெருக்குவார்கள். நாள் முழுவதும் பெண்களுக்கு வேலை. கொழுப்பில் கணிசமான பங்கு பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். விறகும் அதிகம் செலவாகும். இரும்புச் செக்கில் போட்டால் வேலையும் குறைகிறது, நெய்யும் கூடுகிறது. இதில் மிஷனெரிகளின் முன்மாதிரி நமக்கு உண்டு. 1954-இல் யுனைடெட் மிஷன் டு நேப்பாள் தொடங்கியபோது, தான்சேன் மருத்துவமனையோடு நின்றுவிடவில்லை. நார்வே நாட்டுப் பொறியாளர் ஆட் ஹாஃப்டுன் 1963-இல் புட்வலில் தொழிற்பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். அந்த ஊரில் செய்யப்பட்ட சிறிய நீர்ச்சுழலிகள் மலை ஓடைகளின் தண்ணீரைக்கொண்டு மாவரைத்தன, நெல் குத்தின, எண்ணெய் ஆட்டின. பெண்களின் முதுகிலிருந்த சுமை அவ்வளவு குறைந்தது. சுகமும் பிழைப்பும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்று அவர்கள் அப்பொழுதே அறிந்திருந்தார்கள்.

எல்லா உயரத்துக்கும் ஒரே மரம் அல்ல

சியூரி 1,500 மீட்டருக்கு மேலே ஏறாது. அதற்கு மேலே தேவன் வேறு எண்ணெய் வித்துக்களை வைத்திருக்கிறார். தடேலோ என்னும் முட்செடி வேலியாகவும் நிற்கும். அதன் விதை எண்ணெய் சமையலுக்கும், குழந்தைக்குத் தேய்த்துவிடவும் உதவும். கர்னாலிப் பிரதேசத்தின் ஜும்லா, ஹும்லா பகுதிகளில் அக்ரூட்டும் அதேபோலப் பயன்படுகிறது. காட்டு ஆப்ரிகாட் கொட்டையிலும் எண்ணெய் உண்டு. ஆனால் கசக்கும் பருப்பைப் பிள்ளைகள் தின்னக் கூடாது, அதில் சயனைடு விஷத்தை உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிப்பும் அவசியம். எண்ணெய் மரம் என்றதும் உங்களில் சிலருக்குக் காட்டாமணக்கு நினைவுக்கு வரும். 2003-ஆம் ஆண்டை ஒட்டி நம் தேசத்தில் அதைப் பெரிதாய்ப் பரப்பினார்கள். தரிசிலே நட்டால் டீசல் கிடைக்கும் என்றார்கள். தரிசில் விளைச்சல் சொன்னபடி வரவில்லை. நட்ட பலர் பிடுங்கிப் போட்டார்கள். எண்ணெயின் விலை ஒன்றையே நம்பி நட்ட மரம் அது. ஆடு தின்னாது, மனிதன் தின்னக் கூடாது. விதையைக் கடலை என்று நினைத்துத் தின்ற பிள்ளைகள் வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். ஏழை வீட்டுக்கு வேண்டியது அப்படிப்பட்ட மரமல்ல. நெய் விற்காத ஆண்டிலும் பழமும், தேனும், தழையும், நிழலும் தருகிற மரமே வேண்டும்.

சியூரியாலும் எல்லாம் ஆகிவிடாது. சந்தையில் மலிவான எண்ணெய் பாட்டிலில் வந்துவிட்டது. இளைஞர் பலர் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். இடிக்கவும் பிழியவும் வீட்டில் ஆள் இல்லை. சில ஆண்டு காய்ப்பு நிறைய இருக்கும், சில ஆண்டு குறையும். இவையெல்லாம் தெரிந்தே செய்கிறோம். ஒரு குடும்பம் கடனில் விழாமல் ஒரு மழைக்காலத்தைக் கடந்தால், அந்தக் குடும்பத்துப் பிள்ளை எங்கள் கட்டிலுக்கு வராமல் பள்ளிக்கூடத்துக்குப் போகும்.

உங்களிடம் கேட்பது

நேப்பாளச் சட்டம் மதமாற்ற முயற்சிக்கு இடங்கொடுப்பதில்லை. நாங்கள் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டே நடக்கிறோம். எல்லா மதத்தாருக்கும் வேறுபாடின்றி ஊழியம் செய்கிறோம். காயப்பட்டவனுடைய காயத்தில் எண்ணெய் வார்த்துக் கட்டின சமாரியன் அவனிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. சத்திரக்காரனிடம் கொடுத்துவிட்டுப் போன பணத்தில் அவனுடைய பிற்காலத்தையும் நினைத்திருந்தான். நாங்களும் காயத்தைக் கட்டுவதோடு பிற்காலத்தையும் நினைக்கிறோம்.

ஆகவே பிரியமானவர்களே, உங்கள் காணிக்கை மருந்துக்கா மரத்துக்கா என்று கேட்டால், மருந்துக்கே முதலிடம் என்று உறுதியாய்ச் சொல்கிறோம். அவசர அறுவை சிகிச்சைக்காக ஒதுக்கிய பணத்தில் ஒரு கன்றும் வாங்கப்படமாட்டாது. நாற்றங்காலுக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கிறோம். விருப்பமுள்ளவர்கள் அதற்கென்று குறிப்பிட்டு அனுப்பலாம். பணம் அனுப்ப இயலாதவர்கள் ஜெபியுங்கள். அதுவும் எங்களுக்குப் பெரிய காணிக்கையே.

ஜெபக் குறிப்புகள்

1. இவ்வாண்டு ஊன்றிய விதைகள் நன்றாய் முளைக்கவும், நட்ட கன்றுகள் ஆடு, தீ, மண்சரிவுக்குத் தப்பவும் ஜெபியுங்கள்.

2. ஈடு வைத்த மரங்களை மீட்க முயலும் குடும்பங்களுக்காகவும், சீதன மரத்தை இழந்த தாய்மாருக்காகவும் ஜெபியுங்கள்.

3. மரத்திலிருந்து விழுந்து படுக்கையில் இருப்பவர்களுக்கும் அவர்களைப் பராமரிக்கும் வீட்டாருக்கும் கர்த்தர் பெலன் தரும்படி ஜெபியுங்கள்.

4. சமுதாய வனக் குழுக்கள் ஏழைகளின் உரிமையை எழுத்தில் உறுதிசெய்யும்படி ஜெபியுங்கள்.

5. மழைக்காலத்தில் மலைப்பாதையில் நடக்கும் எங்கள் பணியாளர்களின் பாதுகாப்புக்காக ஜெபியுங்கள்.

இன்று நடும் கன்று காய்க்கும்போது எங்களில் பலர் பணி ஓய்வு பெற்றிருப்போம். ஆனாலும் நடுகிறோம். அந்த மரத்தை இன்னும் பிறவாத ஒரு மகளுக்கு அவள் தகப்பன் சீதனமாய்க் கொடுப்பான். அவள் பிள்ளை நோயுற்றால் மரத்தை விற்க அவசியமில்லாத நாள் வரட்டும். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.